கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விழுகிறவர்

விழுவதுதான் அவருக்கு உத்தியோகம். காலையில் பயிற்சிக் கூடத்துக்குள் வருவார். நாயோடு இரண்டு சுற்று நடப்பார். யாரிடமோ எதையோ சொல்ல வந்து மறந்துபோனவர்போல ஒரு கணம் நின்று, அப்படியே சாய்வார். தோள் முதலில், பிறகு இடுப்பு, கடைசியில் கை. தலை தரையில் படாது. பட்டதுபோல ஒரு சத்தம் மட்டும் வரும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் கூட வேலை செய்கிறவர்கள் அவருக்குத் தொபுக்கடீர் என்று பெயர் வைத்தார்கள். சம்பளக் கணக்கில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

கூடம் என்பது பழைய கிடங்கு ஒன்று. தகரக் கூரை. பாதி இடத்தில் நாய்க் கூண்டுகள். மீதிப் பாதியில் ஒரு பொய் வீடு: கட்டில், சோபா, தண்ணீர் வராத குழாயோடு ஒரு சமையல் மேடை, எங்கேயும் திறக்காத ஒரு கதவு. பார்வையில்லாதவரைச் சாலை கடக்க வைக்கும் நாய், சக்கர நாற்காலிக்காரருக்குக் கீழே விழுந்த சாவியை எடுத்துக் கொடுக்கும் நாய் எனப் பல வகையும் அங்கே தயாராகும். தொபுக்கடீரின் பொறுப்பு வலிப்பு வருகிறவர்களுக்கான நாய்கள். ஆள் விழுந்ததும் நாய் ஓட வேண்டும். சுவரில் முழங்கால் உயரத்தில் பதித்த பொத்தானை மூக்கால் அமுக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலோ மணி அடிக்கும். அவர்கள் வரும்வரை விழுந்தவரின் முதுகை ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் இதை நாய்க்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர் விழுந்தாக வேண்டும். மாதக்கணக்கில், கைகால் உதறி, கண்ணைச் செருகி. மற்ற பயிற்சியாளர்கள் ஒரு வாரம் விழுந்து பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள்.

அவருக்கு விழுவது பழக்கம். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் அதன் கால்பந்து அணிக்குக் கோல் கீப்பராக இருந்தார். அணி பெரும்பாலும் தோற்றது. கீப்பர் விழுவது மட்டும் பார்க்க நன்றாக இருக்கிறது என்று எதிரணிக்காரர்களே சொல்வார்கள். தொழிற்சாலையை இழுத்து மூடியதும் கிடங்கில் கூண்டு கழுவ வந்தார். ஈரத்தரையில் வழுக்கி விழுந்தவர், விழுந்த வேகத்தில் உருண்டு எழுந்து வாளியையும் பிடித்துக்கொண்டதை மையத்தை நடத்தும் மேடம் பார்த்துவிட்டார். "இன்னொரு தடவ விழுங்க, பாக்கலாம்," என்றார். அன்றோடு துடைப்பம் வேறு கைக்குப் போனது.

கண்ணாடி வந்தது வெகுநாள் கழித்து, நாற்பத்தெட்டு வயதில். போட்ட முதல் வாரமே அதன் ஒரு பக்கக் கால் ஒடிந்தது. நூல் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மருந்துக்கடையில் பில் போடுகிற மனைவி அவருக்கும் ஒரு பில் போட்டாள்.

"ஏங்க, விழறதுக்கு முன்னாடி கழட்டி வெக்கணும்னு தோணாதா? வலிப்பு வர்றவங்கதான் சொல்லாம கொள்ளாம விழறாங்க. உங்களுக்குத்தான் எப்ப விழப்போறோம்னு தெரியுமே."

நியாயமான பேச்சு. அதிலிருந்து, விழுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுவார். விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பதுபோல அது கையோடு வந்துவிட்டது. அதைப் பற்றி அவர் நினைத்துப் பார்த்ததேயில்லை.

கண்ணாடி வந்த பிறகு அவர் கைக்கு வந்த முதல் நாய் மிளகு. கருப்புப் பெண் நாய், மார்பில் மட்டும் சுண்ணாம்பு தெறித்ததுபோல ஒரு புள்ளி. முன்பு பழக்கிய நாய்கள் அரை வருடம் எடுத்துக்கொண்டதை மிளகு ஒரே மாதத்தில் பிடித்துக்கொண்டது. சில சமயம் அவர் தரையைத் தொடுவதற்கு முன்பே அது பொத்தானை நோக்கிப் பாய்ந்தது. "இது நாயில்ல, மனசுல இருக்கறதப் படிக்குது," என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மிளகைப் பற்றிப் பேசும்போது அந்தக் குரலில் ஒரு பெற்றவர் பெருமை எட்டிப்பார்க்கும். கேட்கிறவர்கள் அதைப் பார்க்காததுபோல இருந்துவிடுவார்கள்.

மிளகு போக வேண்டிய வீடு ஒரு தையல்காரம்மாவின் வீடு. ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை. பள்ளிச் சீருடைகள் தைக்கிறவர். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு முழுதாக நிற்காத உடம்பு. கணவர் என்று ஒருவர் இருந்தார், எப்போதோ போய்விட்டார். ஒரே மகள். அம்மாவுக்கு முதல்முறை வலிப்பு வந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ஒரு இரவுகூட வேறு வீட்டில் தூங்கியதில்லை. இரவில் இருவர் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு தையல் நாடாவைக் கட்டிக்கொண்டு படுப்பார்கள். இழுபட்டால் மகள் எழுந்துவிடுவாள்.

இப்போது அவளுக்கு வேறொரு நகரத்தில் எக்ஸ்ரே எடுக்கும் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. விடுதியில் தங்க வேண்டும். சேரும் தேதிக்கு முன்னால் மிளகு அந்த வீட்டில் நிலைத்துவிட்டால் அவள் போகலாம். இல்லையென்றால் இல்லை. இதை அவள் யாரிடமும் கெஞ்சலாகச் சொல்லவில்லை. தேதியை மட்டும் சொன்னாள்.

தேர்வு நாளன்று அம்மாவும் மகளும் கிடங்குக்கு வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் தலையசைத்தார். தொபுக்கடீர் கண்ணாடியை ஜன்னலில் வைத்துவிட்டு விழுந்தார். மிளகு ஓடிப் பொத்தானை அமுக்கியது. மணி அடித்தது. அவர் செருகிய கண்ணைத் திறந்தபோது தலைக்கடியில் ஒரு கை இருந்தது. அந்தப் பெண் சோபாவிலிருந்து எப்போது பாய்ந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"நடிப்பும்மா இது," என்றார்.

"தெரியும் சார். கை கேக்கல."

மிளகு அவர் முதுகோடு ஒட்டிப் படுத்து, இந்தப் புதிய கையை முகர்ந்து பார்த்தது. எல்லோரும் சிரித்தார்கள். மேடம் கையெழுத்துப் போட்டார்.

அடுத்து, மிளகை மாடி வீட்டுக்குப் பழக்கும் வேலை. அந்த வீட்டில் மேசை, கட்டில், மெஷின் எல்லாவற்றின் மூலைகளிலும் மிச்சத் துணியில் பஞ்சு வைத்துத் தைத்து மாட்டியிருந்தார் தையல்காரம்மா. நீலமும் வெள்ளையுமாக, வீட்டுச் சாமான்கள் எல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நிற்பதுபோல இருந்தது. கத்தரிக்கோலுக்கு மழுங்கிய முனை. இஸ்திரிப்பெட்டியை மகள் மட்டும்தான் தொடுவாள். சுவரில் பொத்தான் பதித்தார்கள். அமுக்கினால் கீழே ஜெராக்ஸ் கடையிலும் மகளின் போனிலும் மணி அடிக்கும். தொபுக்கடீர் அங்கேயும் விழுந்து காட்டினார், கண்ணாடியை மெஷின் மேல் வைத்துவிட்டு. மிளகு ஒருமுறைகூடத் தவறவில்லை. அதை விட்டுவிட்டு வந்த அன்று பேருந்தில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒரு நாள் மத்தியானம் மகள் கூப்பிட்டாள்.

"அம்மாவுக்கு வந்துச்சு சார். நான் ரொட்டி வாங்கப் போயிருந்தேன். வந்து பாத்தா அம்மா கீழ கெடக்கறாங்க. உதட்டுல ரத்தம். மிளகு பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருக்கு."

"மணி அடிக்கலயா?"

"உக்காந்து வால ஆட்டுச்சு சார்."

அவர் அப்போதே கிளம்பிப் போனார். தையல்காரம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார், உதடு வீங்கி. "நாயத் திட்டாதீங்க அண்ணே," என்றார். "பாவம், புது எடம்." மகள் ஈரத்துணியால் அம்மாவின் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து ஜெராக்ஸ் கடைக்காரர் மேலே வந்து தன் பங்குக்கு ஆரம்பித்தார்.

"நெசமா விழுந்தா அடிக்காதாம். சும்மா இருந்தா அடிக்குமாம். இந்த வாரத்துல எத்தன தடவ வேலையப் போட்டுட்டு ஓடி வந்திருக்கேன் தெரியுமா? வந்து பாத்தா இவங்க ஜம்முனு உக்காந்து டீ குடிக்கறாங்க. எனக்கு மூச்சு வாங்குது, அதுக்கு ஒரு நாய் வெப்பீங்களா?"

தொபுக்கடீருக்கு நம்ப முடியவில்லை. மெஷின் மேல் கண்ணாடியை வைத்தார், விழுந்தார். மிளகு குறி தப்பாமல் அமுக்கியது. கீழே கடையில் மணி அடித்தது. மறுபடி விழுந்தார். மறுபடி அடித்தது. எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"உங்களுக்குன்னா அடிக்குது," என்றாள் மகள். குத்தலாகச் சொல்லவில்லை, அதனால்தான் அது உள்ளே இறங்கியது.

தையல்காரம்மா களைத்துப் போயிருந்தார். தைக்கும்போது போடும் தன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மிளகு காதை உயர்த்தியது. எழுந்தது. நேராகச் சுவருக்குப் போய் மூக்கால் பொத்தானை அமுக்கியது. பிறகு திரும்பி வந்து, உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் காலடியில் முறைப்படி ஒட்டிப் படுத்துக்கொண்டது.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்றார் ஜெராக்ஸ்காரர்.

தொபுக்கடீர் பார்த்தார். தன் மூக்கின் மேலிருந்த கண்ணாடியின் கனத்தை முதல்முறையாக உணர்ந்தார். மெதுவாக அதைக் கழற்றினார். மிளகு எழுந்தது. சுவருக்குப் போனது. கீழே, ஆளில்லாத கடையில் மணி அடித்தது.

கீப்பராக இருந்த நாட்களில் ஒரு பந்து இரண்டு காலுக்கும் நடுவே உருண்டு உள்ளே போகும். வேகமே இருக்காது. மைதானமே அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த மாதிரி இருந்தது. இத்தனை மாதமாக அந்த நாய் படித்தது வலிப்பை இல்லை. ஒரு மனிதன் கண்ணாடியைக் கழற்றுவதைப் படித்திருக்கிறது. விழுவது அதற்குப் பின்னால் வரும் வெறும் வால். சொல்லாமல் கொள்ளாமல் விழுகிறவர்களுக்கென்று பழக்கிய நாய்க்கு, தினம் தினம் சொல்லிவிட்டு விழுந்திருக்கிறார் அவர்.

அவர்களிடம் அங்கேயே சொன்னார். மகளுக்குப் புரிய நேரமாகவில்லை. "அப்போ தேதி?" என்று மட்டும் கேட்டாள்.

மேடம் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. "தேர்வுல பாஸானது நாய் இல்ல, உங்க கண்ணாடி," என்றார். "நானும் பாத்துட்டுதானே நின்னேன். கையெழுத்தும் போட்டேன்." மிளகைத் திரும்ப எடுத்து ஆரம்பத்திலிருந்து பழக்க வேண்டும், அல்லது எந்த வேலையும் இல்லாத வீட்டுக்குச் செல்லமாகக் கொடுத்துவிட வேண்டும் என்றார். தொபுக்கடீர் மகள் சேரும் தேதிவரை அவகாசம் கேட்டார். தினமும் வேலை முடிந்ததும் அந்த வீட்டுக்கே போய்ப் பழக்குகிறேன் என்றார். மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டுச் சரி என்றார்.

முதலில் மறக்க வைக்க வேண்டியிருந்தது. கண்ணாடியைக் கழற்றுவார், போடுவார், கழற்றுவார். மிளகு ஓடி அமுக்கும். பொத்தானின் இணைப்பைப் பிடுங்கி வைத்திருந்ததால் மணி அடிக்காது. தின்பதற்கும் ஒன்றும் கிடைக்காது. அது திரும்பி அவர் முகத்தைப் பார்க்கும். நேற்றுவரை சரியாக இருந்தது இன்று எப்படித் தப்பாகும் என்று கேட்கிற முகம். அவர் மறுபடி கண்ணாடியைப் போடுவார். நாட்கள் போகப் போக அது ஓடுவதை நிறுத்தியது. பிறகு பொத்தானுக்கு இணைப்பைத் திரும்பக் கொடுத்து, கண்ணாடியோடு விழ ஆரம்பித்தார். ஒருமுறை சட்டம் வளைந்தது. ஒருமுறை கண்ணாடியின் விளிம்பு புருவத்தைக் கிழித்தது.

மனைவி டிஞ்சர் வைத்துக்கொண்டே பேசினாள். "நான் சொன்ன ஒரு வார்த்தய இத்தன வருஷத்துல நீங்க கேட்டதா சரித்திரம் இல்ல. கேட்ட ஒரே ஒரு வார்த்தையும் இப்படி ஆச்சு."

"உன்ன யாரு குத்தம் சொன்னா?"

"யாரும் சொல்லல. அதான் நானே சொல்லிக்கறேன்." பஞ்சை அழுத்தினாள். "அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?"

"பேசறா. ஆனா என்னப் பாத்துப் பேசறதில்ல."

கண்ணாடியோடு விழுந்தாலும் மிளகு அமுக்கத் தொடங்கியது. அவர் விழுந்தால் மட்டும். மகள் விழுந்து பார்த்தாள்; மிளகு விளையாட்டென்று நினைத்து அவள் முகத்தை நக்கியது. அம்மாவையே நடிக்கச் சொல்லலாமா என்று அவர் தயங்கிக் கேட்டபோது தையல்காரம்மா தலையை ஆட்டினார். "அத மட்டும் கேக்காதீங்க அண்ணே. அத நடிச்சா அது வந்துருமோன்னு இருக்கு." அந்த வீட்டில் வலிப்புக்கு 'அது' என்றுதான் பெயர்.

ஆக, மிளகுக்குத் தெரியுமா தெரியாதா என்று பார்க்க ஒரே வழிதான் இருந்தது. உண்மையில் வர வேண்டும். தேதிக்கு முன்னால் வர வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. மகள் பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். பெட்டி கதவோரத்தில் நின்றது. தொபுக்கடீர் ஒவ்வொரு மாலையும் படியேறும்போது இன்றைக்கு வந்திருக்குமா என்று நினைப்பார். அப்படி நினைத்ததற்காக அடுத்த படியில் தன்னையே வெறுப்பார். கடைசியில் சொன்னது தையல்காரம்மாதான், காலர் ஒன்றைத் திருப்பிக்கொண்டே.

"விருந்தாளி வருவாங்கன்னு காத்துட்டு இருக்கற மாதிரி எல்லாரும் வாசலயே பாத்துட்டு இருக்கீங்க. வர்றப்ப வரட்டும். வந்தா ஓடி வந்து புடிக்காதீங்க. தலைக்கு மட்டும் ஏதாச்சும் வெச்சுட்டுத் தள்ளி நில்லுங்க. மிளகு என்ன பண்ணுதுன்னு பாத்துருவோம்."

"அம்மா," என்றாள் மகள்.

"எனக்கும் தெரிஞ்சுக்கணும்டி. ராத்திரி மிளகுகூட இருக்கப்போறது நான்தானே."

விருந்தாளி வந்தது அதன் மறுநாள் சாயங்காலம். வெளிச்சம் இன்னும் மெஷின் மேல் விழுந்துகொண்டிருந்தது. தையல்காரம்மா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ சொல்ல வந்தார். சொல் வாயிலேயே நின்றது. ஊசி விழுந்தது. பிறகு நாற்காலியிலிருந்து அவர் பக்கவாட்டில் சரிந்தார். அந்தச் சரிவில் தோள் முதலில் இல்லை, இடுப்பும் முதலில் இல்லை. எதற்கும் வரிசையே இல்லை. இத்தனை வருடம் விழுந்து காட்டியதில் ஒன்றுகூட இப்படி இல்லையே என்று தொபுக்கடீருக்குத் தோன்றியது.

மகள் தலைக்கடியில் திண்டைத் தள்ளிவிட்டுப் பின்வாங்கிச் சுவரோடு நின்றாள். தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். தையல்காரம்மாவின் கால்கள் தரையில் அடித்துக்கொண்டன.

மிளகு எழுந்தது. அருகில் போய் முகர்ந்தது. ஓரடி பின்னால் வந்தது. சுவரைப் பார்க்கவில்லை. திரும்பித் தொபுக்கடீரின் முகத்தைப் பார்த்தது.

அவருக்குத் தெரியும், கழற்றினால் அமுக்கிவிடும். மறக்கடித்தது இன்னும் பச்சைதான். பழையது அடியில் அப்படியே இருக்கும். இப்போது கழற்றினால் மணி அடிக்கும், மகள் ஊருக்குப் போவாள், இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். மிளகு அவரைப் பார்த்தது. அந்த அம்மாவைப் பார்த்தது. மறுபடி அவரைப் பார்த்தது. புழுக்கத்தில் நெற்றியிலிருந்து வழிந்த வியர்வையில் கண்ணாடி மூக்கின் நுனிவரை இறங்கியது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் கீழே விழும்.

மணி அடித்தது.

மிளகு பொத்தானிலிருந்து வந்து தையல்காரம்மாவின் முதுகை ஒட்டிப் படுத்தது. மகள் பாய்ந்து அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். உதறல் தணிந்துகொண்டிருந்தது. ஜெராக்ஸ்காரர் படியேறி வந்து, வாசலில் நின்று, "அட, நெசமா," என்றார். மகள் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது அவர் பார்த்ததில்லை. மேடத்துக்குப் போன் செய்து, "அடிச்சுருச்சு மேடம், அடிச்சுருச்சு," என்றாள். போனை அவர் பக்கம் நீட்டினாள். அவர் வாங்கி, ஆமாம் என்றார்.

அவருடைய வலது கை கண்ணாடியின் ஓரத்தில் இருந்தது. அதை மேலே தள்ளிவிட்டிருக்கிறார். எப்போது தள்ளினார் என்பதுதான் தெரியவில்லை. மணிக்கு முன்பா, பின்பா? பின்னால் கட்டியிருந்த கை எப்போது அவிழ்ந்தது?

தையல்காரம்மாவுக்குத் தெளிந்து, தண்ணீர் குடித்து, "என்ன பண்ணுச்சு?" என்று கேட்டு, மகள் சொல்லி, அவர் மிளகின் தலையில் கை வைக்கும்வரை தொபுக்கடீர் இருந்தார். பிறகு வரேன் என்று சொல்லிக் கிளம்பினார். படி இறங்கினார். பேருந்து நிறுத்தத்தில் நின்றார். அவருடைய பேருந்து வந்தது, கதவு திறந்தது, நடத்துநர் "ஏறுங்க சார்" என்றார். ஏறவில்லை. அடிச்சது அடிச்சதுதானே என்று சொல்லிப் பார்த்தார். அந்தப் பெண் நாளை மறுநாள் கிளம்பிவிடுவாள். இரவில் அந்த அறையில் ஒரு அம்மாவும் ஒரு நாயும் மட்டும் இருப்பார்கள். அங்கே வியர்த்துக்கொண்டு நிற்க யாரும் இருக்கமாட்டார்கள். இரண்டாவது பேருந்தும் போனது. திரும்பி நடந்தார்.

கதவைத் திறந்தவள் சிரித்த முகமாக இருந்தாள். "என்ன சார், எதையாச்சும் விட்டுட்டீங்களா?"

"என் கை கண்ணாடிக்குப் போச்சும்மா," என்றார். "எறங்குச்சு, தள்ளிவிட்டேன். அதப் பாத்து அடிச்சுதா, அம்மாவப் பாத்து அடிச்சுதான்னு எனக்குத் தெரியல."

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்சநேரம் முகத்திலேயே நின்றது.

"கையக் கட்டிட்டுதானே நின்னீங்க?"

"கை கேக்கலம்மா."

உள்ளேயிருந்து தையல்காரம்மா, "யாருடி?" என்றார். மகள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். "நீங்க சொல்லாம இருந்திருக்கலாம் சார்," என்றாள் மெதுவாக. அது கோபமா, நிஜமாகவே விரும்பியதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கதவை அவள் சாத்தவும் இல்லை, திறந்து வழிவிடவும் இல்லை. அவர்தான் திரும்பிப் படி இறங்கினார்.

அந்த வருடம் அவள் போகவில்லை. அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னார்களாம். இடம் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. பெட்டி கதவோரத்திலிருந்து கட்டிலுக்கு அடியில் போனது. மணிக்கட்டில் நாடா திரும்ப வந்தது. மகள் அவரோடு பேசுவதை நிறுத்தினாள். ஆனால் மிளகைத் திருப்பி அனுப்பவில்லை. மேடத்திடம் அவளே போய்ச் சொன்னாளாம்: "இனிமே அவர் விழ வேணாம். வேற வேற ஆளுங்க விழட்டும். அவர் ரூமுக்குள்ளயே வரக்கூடாது." மேடம் இதை அவரிடம் சொன்னபோது, அவர் தலையை ஆட்டி, "அதான் சரி," என்றார். சரிதான். ஆனாலும் அன்று கூண்டுகளுக்கு நடுவே வெகுநேரம் சும்மா நின்றார்.

விழ ஆட்கள் வேண்டுமே. கிடங்கிலிருந்து இருவர் போனார்கள். சமையல் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி போனாள். மிளகு குழம்பியது, சிலருக்கு அமுக்கியது, சிலரை நக்கியது. ஒரு விடுமுறை நாளில் மனைவி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, "நான் வரேன்," என்றாள்.

"நீயா? உன் முட்டி என்ன ஆகும்?"

"கழட்டி வெச்சுட்டு விழுங்கன்னு சொன்னது நான்தானே. என் முட்டி பாத்துக்கும்."

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். எப்படி விழ வேண்டும் என்று அவர் தோள், இடுப்பு என்று விளக்க ஆரம்பித்தபோது நிறுத்தினாள். "ஒண்ணும் சொல்லாதீங்க. உங்கள மாதிரி விழுந்தா மறுபடி உங்களத்தான் படிக்கும்." 

அவள் உள்ளே போனாள். அவர் மாடிப்படியிலேயே நின்றார், கதவுக்கு இந்தப் பக்கம். உள்ளே மகளின் குரல், மெஷின் ஓடும் சத்தம், மனைவி தையல்காரம்மாவிடம் சீருடைத் துணி பற்றி எதையோ கேட்பது. பேச்சு நடுவில் நின்றது. கனமாக, அலங்கோலமாக ஒரு சத்தம். கூடவே, நடிப்பில்லாமல், "அய்யோ முட்டி."

 பிறகு தரையில் நகங்கள் நடக்கும் ஒலி, இந்தப் பக்கமாக, நின்று, அந்தப் பக்கமாக. 

கீழே கடையில் மணி அடித்தது. ஜெராக்ஸ்காரர் ஓடி வரவில்லை, கீழிருந்தே கத்தினார்: "இது யாரு விழுந்தது? அடுத்து என்னக் கூப்பிடாதீங்க, எனக்கு இடுப்புப் புடிப்பு, சொல்லிட்டேன்."

கதவு திறந்தது. மகள் நின்றாள். இத்தனை வாரத்தில் அவர் பக்கம் முகத்தைத் திருப்பியது அன்றுதான்.

"ஆன்ட்டிக்கு அடிச்சுருச்சு."

"ம்."

"இனி நம்பலாமா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு வந்தது. "இன்னும் இல்லம்மா," என்றார். "இதுவும் நடிப்புதானே."

அவள் தலையை ஆட்டினாள், அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்தவள்போல. அவள் காலுக்கும் கதவுக்கும் இடையே மூக்கை நுழைத்து மிளகு வெளியே எட்டிப்பார்த்தது. அவரைக் கண்டு வால் ஆடியது. பிறகு வால் நின்றது. அது அவர் முகத்தையே பார்த்தது, மூக்கின் மேலிருந்த கண்ணாடியை. கைப்பிடிச் சுவரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, கண்ணாடி மூக்கில் மெல்ல மெல்ல இறங்க, அவர் அசையாமல் நின்றார்.